தேயும் வம்சத்தின் காசுகள்: ஷியான்ஃபெங் நாணயங்களை எங்கிருந்து சேர்க்கத் தொடங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த தாத்தாவின் தகரப்பெட்டியில் நாற்பது சொச்சம் சீன ஓட்டைக்காசுகள் கிடைத்திருக்கின்றன. கைப்பேசிச் செயலி ஒன்று அவற்றில் சிலவற்றை ‘ஷியான்ஃபெங், 1851–1861’ என்று காட்டியிருக்கிறது; அது அப்போது ஆண்ட சீனப் பேரரசரின் ஆட்சிப்பெயர். அதே பெயரில் உள்ளங்கை அளவுக்குப் பெரிய காசுகள் ஏலத்தில் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்ததும் ஆசை பிறந்துவிட்டது. சீனாவின் கடைசி அரச வம்சமான ச்சிங் சரிந்துகொண்டிருந்த காலத்துக் காசுகளைச் சேர்க்கலாமா, பெரிய காசு ஒன்றை வாங்கித் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகச் சேர்க்கலாம். பெரிய காசில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

பினாங்கில் ஒரு பழைய சாமான் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துப்போய் ஒரு பெரிய காசு, பின்பக்கம் ‘ஆயிரத்துக்குச் சமம்’ என்று எழுத்து. கடைக்காரர் விலை சொல்ல, நான் பாதிக்குக் கேட்க, அவர் கொஞ்சம்கூட மல்லுக்கட்டாமல் ஒப்புக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊருக்கு வந்து, நகைக்கடைக்காரர் ஒருவரின் மின்தராசில் வைத்தால் 41 கிராம். அந்த வகைக் காசுக்கு அரசு வைத்த எடை 2 லியாங், அதாவது 75 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கையால் வார்த்த காசு என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். ஆனால் பாதி எடையைத் தின்றுவிடுகிற வார்ப்பு எதுவும் கிடையாது. அந்தக் காசு இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காசைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எடை பார்ப்பேன். இந்தக் குறிப்பிட்ட வம்சத்தின் கடைசி அறுபது வருடங்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். ஏனென்றால் அந்த அரசு எவ்வளவு தேய்ந்தது என்பதைக் காசின் எடையே காட்டிக்கொடுத்துவிடும்.

போகிற போக்கில் ஒன்று. ஆங்கிலத்தில் இந்தச் சீன ஓட்டை நாணயங்களுக்கு ‘கேஷ்’ என்றுதான் பெயர். போர்த்துக்கீசியர்கள் நம் ‘காசு’ என்ற சொல்லை வாயில் போட்டு ‘காய்ஷா’ ஆக்கி, கிழக்கே போன இடமெல்லாம் சில்லறை நாணயத்துக்கு அதையே வழங்கினார்கள். அதுதான் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே நான் இங்கே சீனத்து நாணயத்தைக் ‘காசு’ என்று எழுதுவது மொழிபெயர்ப்புகூட இல்லை.

சரி, பெரிய காசு பிறந்த 1853க்கு வருவோம். ச்சிங் அரசின் காசுகள் பித்தளை. செம்பும் துத்தநாகமும் முக்கியம், கொஞ்சம் ஈயமும் சேரும். பெய்ஜிங்கில் காசு வார்க்கும் ஆலைகளான இரண்டு பெரிய அக்கசாலைகளுக்கு, அதாவது வருவாய்த் துறையுடையதற்கும் பொதுப்பணித் துறையுடையதற்கும், செம்பு தென்மேற்கு மூலையில் உள்ள யுன்னானிலிருந்து வரவேண்டும். ஆண்டுக்கு 60 லட்சம் ஜின்னுக்கு மேல். ஒரு ஜின் என்பது ஏறக்குறைய 600 கிராம். மலைப்பாதையில் மாட்டிலும் குதிரையிலும் ஏற்றி லுஜோவுக்கு, அங்கே யாங்சி ஆற்றில் படகேற்றிக் கிழக்கே, பிறகு யாங்ஜோ பக்கத்தில் பெருங்கால்வாயில் திரும்பி வடக்கே. மாதக்கணக்கான பயணம். 1853 மார்ச்சில் தைப்பிங் கிளர்ச்சிக்காரர்கள் நான்ஜிங்கைப் பிடித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே ஜென்ஜியாங்கும் யாங்ஜோவும் விழுந்தன. வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: ஆறும் கால்வாயும் சந்திக்கிற முடிச்சு அது. செம்பு நின்றது. போர்ச்செலவோ ஏறிக்கொண்டே போனது.

அரசு எடுத்த முடிவு எளிமையானது, பழையதும்கூட. ஒரு காசைக் கொஞ்சம் பெரிதாக வார்த்து அதன்மேல் ‘பத்து’ என்று எழுதுவது. 1853இல் பத்துக்காசு வந்தது. அப்புறம் ஐம்பது. வருடம் முடிவதற்குள் நூறு, ஐந்நூறு, ஆயிரம் வரை உத்தரவு போய்விட்டது. பெய்ஜிங்கின் கணக்கை மட்டும் பாருங்கள். சாதாரண ஒரு காசுக்கு நெடுங்காலமாக நிர்ணயித்த எடை 1.2 ச்சியன் (பத்து ச்சியன் ஒரு லியாங்), அதாவது ஏறக்குறைய 4.5 கிராம். அப்படி ஆயிரம் காசு என்றால் நாலரைக் கிலோ. புதிய ஆயிரக்காசில் இருந்ததோ 75 கிராம். பதினாறு, பதினேழு சாதாரணக் காசை உருக்கினால் ஒரு ஆயிரக்காசு. ஐந்நூறு காசு 60 கிராம், நூறு காசு 52 கிராம். ஐம்பது காசுக்கு முதலில் வைத்த எடை 67 கிராம்! நூறைவிட ஐம்பது கனமாக இருந்தது. பிறகுதான் அதையும் 45க்குக் குறைத்தார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் பெய்ஜிங்கைச் சுற்றியிருந்தவர்களுக்கும் தோன்றியது. நல்ல காசை உருக்கிப் பெரிய காசாக வார்ப்பதற்குக் கள்ள உலைகள் கிளம்பின. கடைக்காரர்கள் பெரிய காசை வாங்க மறுத்தார்கள், அல்லது விலையை ஏற்றினார்கள். 1854இலேயே ஆயிரத்தையும் ஐந்நூறையும் நிறுத்த வேண்டியதாயிற்று. நூறும் ஐம்பதும் அதிக நாள் தாங்கவில்லை. அதே 1854இல் இரும்பிலும் காசு வார்த்தார்கள், ஈயத்திலும் முயன்றார்கள். இவற்றுக்கு மேல் காகிதப் பணம் வேறு.

ஆயிரக்காசு இன்று ஏன் அவ்வளவு விலை என்பதும், ஏன் அவ்வளவு போலி என்பதும் இதிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில்தான் வார்த்தார்கள். அதிலும் பெரும்பகுதி திரும்ப உருக்குக்குப் போய்விட்டது. ஒரு விதத்தில் கள்ளக்காசு வார்ப்பவருக்கு அன்று இருந்த லாபக் கணக்கு இன்றும் மாறவில்லை.

பிழைத்துக்கொண்டது பத்துக்காசு மட்டும். நீங்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். என்னிடம் பெய்ஜிங் வருவாய்த் துறை அக்கசாலையின் பத்துக்காசுகள் மூன்று இருக்கின்றன. முதலாவது 21 கிராம், விளிம்பு அகலமாக, எழுத்து ஒவ்வொன்றும் உளியால் வெட்டியதுபோல் நிற்கிறது. அதற்கு விதித்திருந்த எடை 6 ச்சியன், 22 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது 15 கிராம். மூன்றாவது 9 கிராம்தான். விளிம்பு ஒருபக்கம் தடித்து மறுபக்கம் இளைத்திருக்கிறது. சதுர ஓட்டையின் ஓரத்தில் பிசிறை அராவக்கூட இல்லை. மூன்றிலும் எழுதியிருப்பது ஒன்றே: ‘ஷியான்ஃபெங் ஜோங்பாவ்’, பின்னால் ‘பத்துக்குச் சமம்’. மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரு ஏழெட்டு வருடம் கண்முன்னால் கரைவதைப் பார்க்கலாம். மூன்றுக்கும் சேர்த்து நான் கொடுத்தது அந்தப் பினாங்குப் போலியின் விலையில் பாதிகூட இல்லை.

இந்தப் பத்துக்காசு பின்னாளில் பெய்ஜிங்கின் மதில்களுக்குள் மட்டும் செல்லும் விநோதப் பணமாகிப்போனது. பெயருக்குப் பத்து, சந்தையில் இரண்டு காசு மதிப்பு. வெளியூர்க்காரன் ஒருவன் கையில் இதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் அங்கே யாரும் தொடமாட்டார்கள். ஆனாலும் அடுத்து வந்த தோங்ஜி, குவாங்ஷு பேரரசர்கள் காலத்திலும் தலைநகரில் அதை வார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மாகாணங்களின் கதை தனி. அதில்தான் இந்தச் சேகரிப்பின் ருசியே இருக்கிறது. உத்தரவு ஒன்று, ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தன் வசதிப்படி வார்த்தது. எழுத்தின் வடிவம், அளவு, எடை எதுவும் ஒத்துவராது. எனக்கு மிகப் பிடித்தது ஃபுஜியான். அந்த மாகாணக் காசுகளில் ஒரு வகையில் எடையையே காசின்மேல் பொறித்துவிட்டார்கள். பத்துக்காசில் ‘எடை 5 ச்சியன்’, இருபதில் ‘1 லியாங்’, ஐம்பதில் ‘2 லியாங் 5 ச்சியன்’, நூறில் ‘5 லியாங்’. பெருக்கிப் பாருங்கள், கணக்கு நேர்கோட்டில் போகிறது: மதிப்பு பத்து மடங்கானால் எடையும் பத்து மடங்கு. நூறு காசு 186 கிராம், கையில் எடுத்தால் பழைய எடைக்கல்லை எடுத்தமாதிரி இருக்கும். பெய்ஜிங்கின் நூறு காசோ 52 கிராம். ஒரே பேரரசர் பெயர், ஒரே மதிப்பு, மூன்றரை மடங்கு வித்தியாசம். ‘அரசு சொல்கிறது, நம்பு’ என்று தலைநகரம் காசு வார்த்தபோது, ‘நீயே நிறுத்துப் பார்’ என்று ஃபுஜியான் வார்த்திருக்கிறது. (நூறுக்கு இப்போதே ஆசைப்படாதீர்கள். அதிலும் போலி ஏராளம்.)

ஷின்ஜியாங் காசுகளையும் விட்டுவிடாதீர்கள். மேற்கு எல்லையில், பாலைவனச் சோலை நகரங்களான யார்க்கந்து, அக்சு, குச்சா, காஷ்கர் ஆகியவற்றில் வார்த்தவை. பித்தளை இல்லை, ஏறக்குறைய தனிச் செம்பு. அதனால் சிவந்த நிறம். பின்பக்கம் நகரத்தின் பெயர் ஒருபுறம் மஞ்சு எழுத்திலும் மறுபுறம் அரபு வரிவடிவ உய்குரிலும் இருக்கும். முன்பக்கச் சீனத்தையும் சேர்த்தால் ஒரு சின்னக் காசில் மூன்று எழுத்துமுறை. இவற்றிலும் ஷியான்ஃபெங் பத்துக்காசு உண்டு, கைக்கெட்டும் விலையிலும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஷின்ஜியாங்கில் சியான்லோங் பேரரசர் பெயரில் எப்போதும் ஒரு பங்கு காசு வார்க்க வேண்டும் என்று அவரே உத்தரவு போட்டிருந்தார். ஆகவே அந்தப் பக்கத்துச் சிவப்புக் காசில் அவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அது அவர் காலத்தது என்று நம்பிவிட வேண்டாம். நூறு வருடம் பிந்தியதாகவும் இருக்கலாம்.

இப்போது உங்கள் தகரப்பெட்டி. மேசையில் ஒரு பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் பின்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புங்கள். முன்பக்கம் நான்கு சீன எழுத்து: மேலும் கீழும் பேரரசரின் ஆட்சிப்பெயர், வலமும் இடமும் ‘தோங்பாவ்’, அதாவது செல்லுபடியாகும் செல்வம். (பத்து, ஐம்பது போன்றவற்றில் பெரும்பாலும் ‘ஜோங்பாவ்’ என்றும், நூறு முதல் ‘யுவான்பாவ்’ என்றும் மாறும்.) ஆனால் பிரிப்பதற்குப் பின்பக்கம்தான் சௌகரியம். ச்சிங் அரசர்கள் மஞ்சு இனத்தவர். ஓட்டைக்கு இடமும் வலமும் மேலிருந்து கீழாக ஓடும், முதுகெலும்பில் முள் முளைத்தமாதிரியான எழுத்து இருந்தால் அது மஞ்சு. இடப்பக்கச் சொல் பெரும்பாலும் எல்லாக் காசுக்கும் பொது: ‘பாவ்’, செல்வம். வலப்பக்கச் சொல்தான் அக்கசாலையின் பெயர். இருபது, இருபத்தைந்து வடிவம் மனதில் பதிந்தால் போதும், மஞ்சு மொழி கற்க வேண்டியதில்லை. நான் ஒரு அஞ்சலட்டையில் வரைந்து பர்ஸில் வைத்திருந்தேன்.

பின்பக்கம் ஒன்றுமே இல்லை என்றால் தனியாக ஒதுக்குங்கள். சிங்கப்பூர், மலாயா, சைகோன் பக்கத்திலிருந்து வந்த பெட்டிகளில் வியட்நாம் காசு நிறையக் கலந்திருக்கும். சாம்பல் நிறமாக, லேசாக இருந்தால் அநேகமாக அங்கே வார்த்த துத்தநாகக் காசு. து தூக் மன்னர் (1848–1883) பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கம் அலை அலையாகக் கோடு ஓடினால் அது ஜப்பானின் நான்கு மோன் காசு. இவையும் அழகான பொருள்கள்தான், உங்கள் கேள்விக்குள் வராது என்பதோடு சரி. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சீனக் காசுப் புதையல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் சோங் வம்சத்துக் காசுகள், சோழர் காலக் கடல்வணிகத்தோடு போகிறவை. தாத்தாவின் பெட்டிக்கும் அவற்றுக்கும் எழுநூறு வருடம் இடைவெளி.

மஞ்சு எழுத்து உள்ளவற்றைப் பேரரசர் வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு போதும். பெட்டி நல்ல பெட்டியாக இருந்தால் காங்ஷி காலத்துக் கனமான காசு 5 கிராமை எட்டும். சியான்லோங் 4.5ஐ ஒட்டி நிற்கும், நிறையக் கிடைக்கும். ஷியான்ஃபெங் ஒருகாசில் 4 இருக்கும், 3 இருக்கும், இரண்டேகூட இருக்கும். பிறகு குவாங்ஷு. 1889இல் குவாங்தோங் மாகாணத்தில் பர்மிங்காமிலிருந்து வந்த இயந்திரங்களைக் கொண்டு அச்சடித்த பளபளப்பான காசில் ‘கருவூல எடை 1 ச்சியன்’ என்று பெருமையாகவே பொறித்தார்கள், 3.7 கிராம். அடுத்த வருடமே எடையை 0.8 ச்சியனுக்குக் குறைத்து, பொறித்த வாசகத்தையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். கடைசிப் பேரரசரின் ஷுவான்தோங் காசு (1909–1911) சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, 19 மில்லிமீட்டர், 2 கிராமைச் சுற்றி. இந்த வரிசை முழுவதையும் அதிகச் செலவில்லாமல் சேர்த்துவிடலாம், ஷுவான்தோங்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகும்.

போலியைப் பற்றி. எடை முதல் சோதனை, ஒரே சோதனை இல்லை. இந்தக் காசுகள் எப்படி உருவாயின என்று தெரிந்தால் கண் தானாகப் பழகும். கையால் செதுக்கிய ஒரு மூலக்காசு; அதிலிருந்து வார்த்த தாய்க்காசுகள்; தாய்க்காசுகளை நுண்மணலில் பதித்து, இரண்டு சட்டங்களைச் சேர்த்து, உருகிய உலோகத்தை ஊற்றினால் நடுவே ஒரு தண்டும் இருபக்கமும் இலைபோலக் காசுகளுமாக ஒரு மரம் வரும். ஒடித்து எடுத்து, சதுரக் கம்பியில் கோத்து, காசுகள் சுழலாமல் மொத்தமாக விளிம்பை அராவுவார்கள். ஓட்டை சதுரமாக இருப்பதற்கு இது ஒரு வசதியான காரணம். (நம் ஊர் ஓட்டைக் காலணாவின் வட்ட ஓட்டை வேறு சங்கதி, அது உலகப்போர்க் கால உலோகச் சிக்கனம்.) உலோகம் ஆறும்போது சுருங்கும். எனவே நல்ல காசை அச்சாக வைத்துப் போலி வார்த்தால் அது ஒரு சுற்றுச் சிறிதாகவும், எழுத்தின் முனைகள் சோப்புக் கரைந்தமாதிரி மழுங்கியும் இருக்கும். உண்மைக் காசின் விளிம்பில் ஒரே திசையில் அரத்தின் கீறல்கள் தெரியும். புதுப்போலியில் விளிம்பு வழவழப்பாக இருக்கும், அல்லது நடுவே ஒரு தையல்கோடு ஓடும். பச்சைக்களிம்பு ஊசிமுனைக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்து அடியில் புதுமஞ்சள் தெரிந்தால் அது பூசியது. மஞ்சளாக இருந்தும் காந்தத்தில் ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு, தூக்கிப் போடுங்கள். ஆனால் துருப்பிடித்து, கறுத்து, காந்தத்தில் ஒட்டுகிற ஷியான்ஃபெங் காசு கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். 1854க்குப் பிறகு வந்த உண்மையான இரும்புக்காசாக இருக்கலாம்.

பரிசுப்பொருள் கடைகளில் சிவப்புக் கயிற்றில் கட்டித் தொங்கும் ஃபெங்சுயி காசுகள் எல்லாம் இன்றைய வார்ப்பு. சீனத்திலேயே அதிர்ஷ்டத்துக்கு என்று ‘ஐந்து பேரரசர் காசு’ என்று ஒரு தொகுப்பு உண்டு: ஷுன்ஜி, காங்ஷி, யோங்ஜெங், சியான்லோங், ஜியாசிங். வரிசை அதோடு நின்றுவிடும். அடுத்த தாவ்குவாங் காலத்தில் அபினிப் போர், அதற்கடுத்தவர் நம் ஷியான்ஃபெங். அவர்கள் காசை யாரும் வாசலில் கட்டுவதில்லை. நமக்கு அதனால் விலை குறைவு, நல்லதுதான்.

ஆசைக்கு ஒரு காசு சொல்லட்டுமா? ஷியான்ஃபெங் 1861 ஆகஸ்டில் இறந்ததும், குழந்தைப் பேரரசருக்கு அமைந்த பொறுப்பாளர்கள் ‘ச்சிஷியாங்’ என்று ஆட்சிப்பெயர் சூட்டிக் காசும் வார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பேரரசி சிஷி தரப்பு அவர்களைக் கவிழ்த்துவிட்டு, பெயரைத் ‘தோங்ஜி’ என்று மாற்றியது. ச்சிஷியாங் காசு மக்கள் கையில் புழங்கவே இல்லை. மிஞ்சியவை மிகச் சில. யாராவது உங்களிடம் ஒன்றை மலிவாகக் கொடுக்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக வீட்டு விஷயம். பித்தளை என்றதும் புளியைத் தேடும் கை நம்முடையது. வேண்டாம். புளி, எலுமிச்சை, சாம்பல், பிரஷ் எதுவும் காசின் பக்கம் வரக்கூடாது. அழுக்கு அதிகமென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மெல்லிய துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். வெளிர்ப்பச்சையில் மாவுபோல் பூத்துக்கொண்டே வந்தால் அது உலோக நோய். அந்தக் காசைத் தனியே பிரித்துவிடுங்கள். கடலோர ஊர் என்றால் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், இரும்புக்காசுக்கு இரண்டாகப் போடுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளைவிடச் சிறு காகித உறை மேல். உறையின்மேல் எடையையும் எங்கே கிடைத்தது என்பதையும் எழுதிவிடலாம். இன்னொன்று, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். உள்ளே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்காரருக்கு விற்று நினைத்தபடி அஞ்சலில் அனுப்பிவிட முடியாது.

பெட்டியைப் பிரித்து நிறுத்த பிறகு ஷியான்ஃபெங் காசுகளின் பின்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுத்து எடைகளோடு அனுப்புங்கள். எந்த அக்கசாலை என்று பார்த்துச் சொல்கிறேன். கறுத்துப்போன ஏதாவது காந்தத்தில் ஒட்டினால் அதை முதலில் அனுப்புங்கள்.